ராதிகா சீரியலுக்குப் போய்விட்டார் என்கிறவர்களுக்கு

"எப்பேர்ப்பட்ட நடிகை! கடைசியில சீரியலுக்குப் போயிட்டாங்க."

ராதிகாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்கள். சில மாதங்களுக்கு முன்பு உறவினர் வீட்டில் டிவியில் 'கேளடி கண்மணி' ஓடிக்கொண்டிருந்தது. பேச்சும் கேட்புத் திறனும் இல்லாத அப்பா அம்மாவோடு சாரதா டீச்சர் கைகளால் பேசுகிற காட்சி. கூடத்தில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். காட்சி முடிந்ததும் மாமா ஒருவர் பெருமூச்சு விட்டு மேலே உள்ள வாக்கியத்தைச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் "ஆமா, ஆமா" என்றார்கள். காபி வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது. எனக்கு மட்டும் அந்த வாக்கியம் தொண்டையில் நின்றுவிட்டது. மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த நடிப்பின் மேல் உள்ள மதிப்பில்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் உறுத்தியது. ஒரு பெண் தன் இருபது வருட உழைப்பில் கட்டி எழுப்பியதை, அவரை ரொம்பவும் பிடித்தவர்களே ஒரு சரிவாகப் பார்க்கிறார்களே என்று.

அதற்குப் பிறகு அவருடைய பழைய படங்கள் சிலவற்றை மறுபடி பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றியது இதுதான்: சினிமா அவருக்கு எதைக் கொடுத்தது, எதை மறுத்தது என்பதை வரிசையாக வைத்துப் பார்த்தால், 1999 டிசம்பரில் 'சித்தி'யோடு அவர் எடுத்து வைத்த அடி மேலே வைத்த அடி. இரக்கப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலில் 1978. 'பதினாறு வயதினிலே'வுக்கு அடுத்து பாரதிராஜா எடுத்த படம் 'கிழக்கே போகும் ரயில்'. இலங்கையிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த, பதினாறை ஒட்டிய வயதுப் பெண்ணைக் கிராமத்துப் பாஞ்சாலியாக நிறுத்தினார். எம்.ஆர். ராதாவின் மகள் என்பதைத் தவிர சினிமாவுக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுதல் அப்போது கிடையாது. அந்தப் படத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்தால், கதாநாயகிக்கென்று அந்தக் காலம் வைத்திருந்த எந்த அளவிலும் அது அடங்காது. ஆனால் கண்ணில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. ரயில் பெட்டியின் பின்னால் எழுதி வரும் வரிக்காகக் காத்திருக்கும்போது அந்தப் பெண் காத்திருப்பது நமக்குத் தெரிகிறது, நடிப்பது தெரியவில்லை. அந்தப் படம் வந்த மறு வருடம், 1979 செப்டம்பரில், எம்.ஆர். ராதா காலமானார்.

அடுத்த பத்து வருடங்களைப் பற்றி நான் விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'இன்று போய் நாளை வா' எல்லோருக்கும் மனப்பாடம். 'மூன்று முகம்', 'நல்லவனுக்கு நல்லவன்', 'ஒரு கைதியின் டைரி', 'ஊர்க்காவலன்' என்று பெரிய நாயகர்களின் படங்கள். தெலுங்கில் கே. விஸ்வநாத் எடுத்த 'சுவாதி முத்யம்', தமிழில் நமக்கு அது 'சிப்பிக்குள் முத்து'. கமல் எப்படி நடித்தார் என்று அந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கையில் குழந்தையோடு நிற்கும் விதவையின் கழுத்தில் ஒரு வெள்ளந்தி மனிதன் திடீரென்று தாலியைக் கட்டிவிடும் அந்தக் காட்சியில், நம் கண்ணை நகர விடாமல் பிடித்து வைப்பது ராதிகாவின் முகம். அதிர்ச்சி, கோபம், அவமானம், அதற்கெல்லாம் அடியில் எங்கோ ஒரு ஆசுவாசம். கமல் செய்வதை நாம் நம்புவதே அந்த முகம் அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை வைத்துத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'முதல் மரியாதை'யில் குயில் பேசும்போது நாம் கேட்பது ராதிகாவின் குரல். திரையில் குயிலாக நடிகை ராதா, பின்னால் குரலாக ராதிகா. தமிழ் சரியாக வராத வெளிநாட்டுப் படிப்புக்காரி என்று ஆரம்பத்தில் பார்க்கப்பட்ட ஒருவர், ஏழே வருடத்தில் கிராமத்துப் பரிசல்காரியின் பேச்சுக்குக் குரல் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். கரகரப்பும் கனமும் கலந்த அந்தக் குரலில் சிரிப்பு ஒரு மாதிரி உடையும். பிற்பாடு தமிழ்நாட்டு வீடுகளின் கூடங்களில் வருடக்கணக்காகக் கேட்கப்போகிற குரல் அது.

முப்பது வயதில் பாட்டி வரிசை

சினிமா அவருக்கு மறுத்ததை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

'கிழக்குச் சீமையிலே' 1993இல் வந்தது. விருமாயி. அண்ணன் விஜயகுமார், புருஷன் நெப்போலியன், கல்யாண வயதில் ஒரு மகன். அந்தப் படத்தை எங்கள் ஊர்த் தியேட்டரில் பார்த்த பெண்கள் விம்மி விம்மி அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அது மகத்தான நடிப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ராதிகாவுக்கு அப்போது முப்பத்தொன்றை ஒட்டிய வயது. அவரைப் பதினைந்து வருடத்துக்கு முன்பு ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்ணாக அறிமுகப்படுத்திய அதே பாரதிராஜாதான் இப்போது அவர் தலையில் நரையை ஏற்றினார். இரண்டு வருடம் கழித்து 1995இல் 'பசும்பொன்'. அதுவும் பாரதிராஜா. அதில் சிவாஜிக்கு மகள், பிரபுவுக்கு அம்மா. பிரபு வயதில் ராதிகாவைவிட ஐந்தாறு வருடம் மூத்தவர்.

அதே 1995இல் 'முத்து' வந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு 'ஊர்க்காவல'னில் ராதிகாவோடு ஜோடி சேர்ந்த ரஜினிக்கு 'முத்து'வில் மீனா ஜோடி. 1984இல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் ரஜினியின் அன்புக்கு ஏங்கும் குழந்தையாக வந்தவர் மீனா. ரஜினியையோ மீனாவையோ குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தத் தொழிலின் வழக்கம் அது, இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆண் நடிகருக்குக் கதாநாயகன் என்ற பதவிக்கு ஓய்வு வயது கிடையாது. பெண்ணுக்கு முப்பதைத் தொட்டதும் அண்ணி, அக்கா, அம்மா, அதற்கப்புறம் பாட்டி. 'சூர்யவம்ச'த்தில் (1997) சரத்குமார் அப்பா, மகன் என்று இரண்டு வேடம். ராதிகா அதில் அப்பாவுக்கு மனைவி, மகனுக்கு அம்மா. நான்கு வருடம் கழித்து இருவருக்கும் நிஜத்திலேயே கல்யாணம் நடந்தது. இரண்டு பேரில் எட்டு வயது மூத்தவர் தேவயானியோடு டூயட் பாடலாம், இளையவர் அந்த டூயட் பாடுகிறவருக்குத் தாயாக நிற்க வேண்டும். படம் பார்த்தபோது நம்மில் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

ஆக, 'சீரியலுக்குப் போகாமல்' இருந்திருந்தால் ராதிகாவுக்கு என்ன காத்திருந்தது? மாமா மாதிரி வருத்தப்படுகிறவர்கள் மனதில் ஓடுவது இன்னொரு 'கேளடி கண்மணி', இன்னொரு 'சிப்பிக்குள் முத்து'. அப்படி ஒரு வரிசை அங்கே இல்லவே இல்லை. இருந்தது, தட்டை எடுத்து வைத்துவிட்டு "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்று சொல்லும் பாத்திரங்களின் வரிசை. அவரே ஒருமுறை வேறு வழியை முயன்றும் பார்த்தவர். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிலேயே 'மீண்டும் ஒரு காதல் கதை'யைத் தயாரித்தார். பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய படம் அது. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. விருது கிடைத்த அந்தப் படத்தை இன்றைக்கு எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? ஆனாலும் அந்தப் படம் எனக்கு முக்கியம். பிறர் எழுதிக் கொடுக்கும் வேடத்துக்காகக் காத்திருக்க விரும்பாத புத்தி அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்பதற்கு அது சாட்சி.

1999 டிசம்பர்

'சித்தி' வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு நடந்து போனால், ஒரு வீட்டில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டு ஜன்னலில் பிடித்துக்கொள்ளலாம். தினாவின் இசையில் நித்யஸ்ரீ பாடிய அந்தத் தலைப்புப் பாட்டு தொடங்கினால் அடுப்படி வேலை முடிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் அந்த வயதுக்காரர்கள் எல்லோருமே சொல்வார்கள். நான் சொல்ல வருவது என் பெரியம்மாவைப் பற்றி.

பெரியம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். பெரியப்பா இறந்த பிறகு அந்த மெஷின்தான் குடும்பம். அவர் 'சித்தி' பார்க்கும்போதும் கை சும்மா இருக்காது. கொக்கி கட்டுவார், காஜா போடுவார். ஒரு நாள் பெரியம்மாவின் மகன் என்னைப் பார்த்து, "இந்தம்மா படத்துலயே எவ்வளவு நல்லா நடிச்சாங்க, இங்க வந்து தினமும் அழுதுட்டு இருக்காங்க" என்றான். பெரியம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "படத்துல ரெண்டரை மணி நேரம் கெட்டிக்காரியா இருந்துட்டுப் போயிடலாம்டா. இது தெனமும் வரணும்ல. தலைவலின்னா வரணும், வீட்டுல கஷ்டம்னா வரணும். நாளைக்கும் இதே மூஞ்சியக் கொண்டுட்டு வரணும்."

அன்று அது எனக்கு ஒரு பேச்சாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், ராதிகாவின் தொலைக்காட்சி வாழ்க்கையைப் பற்றி நான் கேட்டதிலேயே நுட்பமான விமர்சனம் அதுதான். பெரியம்மா அந்தத் திரையில் பார்த்தது ஒரு நட்சத்திரத்தை அல்ல. தன்னை மாதிரியே வேலைக்கு வரும் ஒரு பெண்ணை. அந்த வேலையின் கடினம் அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவருடைய வேலையும் தினசரி வேலை.

பெரியம்மாவுக்குத் தெரியாத பாதியையும் சொல்கிறேன். அன்றைக்குத் தமிழ்த் தொலைக்காட்சியில் சீரியல் வியாபாரம் நடந்த விதம் வேறு. சன் டிவியில் பெரும்பாலும் தயாரிப்பாளர்தான் நேரத்தை, அதாவது ஸ்லாட்டை, பணம் கட்டி வாங்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் வரும் விளம்பர நிமிடங்களை அவரே விற்றுக்கொள்ள வேண்டும். விற்றால் லாபம், விற்காவிட்டால் சேனலுக்குக் கட்டியதும் போச்சு, படப்பிடிப்புக்குச் செலவழித்ததும் போச்சு. கதை ஒரு வாரம் தொய்ந்தால் அடுத்த வாரமே விளம்பரக்காரர்கள் போன் எடுக்க மாட்டார்கள். இந்த ஆட்டத்துக்குள் ராதிகா நடிகையாக மட்டும் நுழையவில்லை. 'ராடான்' நிறுவனத்தின் முதலாளியாக நுழைந்தார். சி.ஜே. பாஸ்கர் இயக்கம், கூட நடிக்க சிவகுமார். காலையில் மேக்கப் போட்டுக்கொண்டு அழுகிற அதே பெண், மாலையில் உட்கார்ந்து எந்த சோப்புக் கம்பெனி எத்தனை விநாடி எடுத்தது என்று கணக்குப் பார்க்க வேண்டும். நாளை ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடின் எடிட்டிங் முடிந்ததா என்று கேட்க வேண்டும். யூனிட் ஆட்களுக்குப் பேட்டா போனதா என்று பார்க்க வேண்டும்.

சினிமாவில் இருபது வருடம் நடித்த காலத்தில், அவர் முகம் எந்த வயதில் நரைக்க வேண்டும் என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். 'சித்தி'யில் அதைத் தீர்மானிக்கும் நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. சினிமாக் கணக்கில் பாட்டி வேடத்தை நெருங்கும் வயது. சீரியலில் கதையின் நடு நாயகி. கல்யாணம், பிள்ளை, சொத்து, துரோகம் என்று கதையில் எது நடந்தாலும் அதன் முடிவு அவர் கையில். ஒரு பெண் யோசிப்பதை அரை மணி நேரம் குளோசப்பில் பார்த்துக்கொண்டிருக்க தமிழ்நாடே தயாராக இருந்தது. எந்தத் தமிழ்ப் படம் அப்போது முப்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தது?

'கேளடி கண்மணி'யில் ஒரு சிறுமி, தன் அப்பா கட்டிக்கொள்ள விரும்பும் சாரதா டீச்சரைச் சித்தியாக ஏற்க மாட்டேன் என்று அடம்பிடிப்பாள். அந்த மறுப்பில்தான் அந்தக் காதல் நின்றுபோகும். ஒன்பது வருடம் கழித்து ஊர் ஊராக, குழந்தைகள் உட்பட, அதே பெண்ணைச் 'சித்தி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அவர் ஏதாவது ஊருக்குப் போனால் அந்தப் பெயர்தான் முதலில் காதில் விழும் என்று நினைக்கிறேன். ராதிகா நடித்த பாஞ்சாலிக்கும் விருமாயிக்கும் கிடைக்காத ஒன்று அந்தப் பாத்திரத்துக்குக் கிடைத்தது. முதலிரண்டும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெண்கள். மூன்றாமவள் வீட்டுக்கு வந்து போனவள்.

அப்பாவின் நாடகக் கம்பெனி

இந்த விஷயத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒன்று எம்.ஆர். ராதாவைப் பற்றி யோசித்தபோது பிடிபட்டது. ராதா 1937இலேயே சினிமாவுக்கு வந்தவர். சில படங்களோடு அதை விட்டுவிட்டு நாடகத்துக்குத் திரும்பிப் போனார். சொந்தமாகக் கம்பெனி வைத்து ஊர் ஊராக நடத்தினார். மேடையில் பல காலம் நடந்த 'ரத்தக்கண்ணீர்'தான் 1954இல் படமாக வந்தது, அதன் பிறகுதான் சினிமா அவரைத் திரும்பப் பிடித்து வைத்துக்கொண்டது. சிறைக்குப் போய் வந்த பிறகும் அவர் மேடையை விடவில்லை.

ராதாவைப் பற்றி யாரும் "எப்பேர்ப்பட்ட நடிகர், நாடகத்துக்குப் போயிட்டாரே" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய நாடக வாழ்க்கையைக் கலகம் என்கிறோம், துணிச்சல் என்கிறோம். சரியாகவே சொல்கிறோம். ஆனால் தொழிலாகப் பார்த்தால் அப்பாவும் மகளும் செய்தது ஒன்றுதான். சொந்தக் கம்பெனி. ஒவ்வொரு நாளும் திரை தூக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களை நாளைக்கும் வரவைக்க வேண்டும். கலெக்‌ஷன் இல்லையென்றால் ஐம்பது குடும்பத்துக்குச் சோறு இல்லை. நடிகர் முதலாளியாகவும் இருப்பதால் யாரும் எழுதித் தரும் பாத்திரத்துக்குக் கையேந்த வேண்டியதில்லை. அப்பா திருச்சியிலும் மதுரையிலும் கொட்டகை போட்டு நடத்தினார். மகள் கொட்டகையை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுபோனார்.

வித்தியாசம் பார்வையாளர்களில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ராதாவின் நாடகத்துக்கு ஆண்கள் கூட்டமாகப் போனார்கள். அரசியல் பேசினார்கள், கைதட்டினார்கள், சண்டை போட்டார்கள். அதனால் அது வரலாற்றில் ஏறியது. ராதிகாவின் சீரியலைப் பார்த்தவர்கள் என் பெரியம்மா மாதிரிப் பெண்கள். பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, காஜா போட்டுக்கொண்டே பார்த்தவர்கள். அவர்கள் விமர்சனம் எழுதவில்லை. வீட்டில் ஆண்கள் அதை 'அழுகாச்சி' என்றார்கள், அவர்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். பெண்கள் பார்க்கிற ஒன்று என்பதாலேயே அது கலைக்கணக்கில் சேராமல் போனது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சீரியலுக்குப் போனது சரிவு என்று சொல்லும்போது, அந்தப் பெண்கள் முன்னால் போய் நிற்பதையே சரிவு என்கிறோம்.

அதன் பிறகு வந்த நீளம்

சீரியல் என்றாலே புனிதம் என்று நான் சொல்லவில்லை. 'சித்தி'க்குப் பின்னால் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று வரிசையாக வந்தபோது, பல இடங்களில் கதை நின்ற இடத்திலேயே நின்று மூச்சு வாங்கியது. ஒரு விஷப் பாட்டிலைத் திறந்து பாலில் கலக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்ட காலம் அது. வில்லி என்றால் மூன்று தடவை திரும்பிப் பார்க்க வேண்டும், மூன்று தடவையும் இடி இடிக்க வேண்டும் என்ற இலக்கணம் எல்லாச் சீரியல்களிலும் புகுந்தது. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற கதையை நாள்தோறும் சொல்லிச் சொல்லி, அதைப் பார்த்த வீடுகளில் கொஞ்சம் நஞ்சும் சேர்ந்தது. ராடானின் தொடர்களுக்கும் அதில் பங்கு உண்டு. விளம்பரத்தை விற்றால்தான் நாளைய எபிசோட் என்ற அதே ஏற்பாடு, நாளைக்கு ஒரு திருப்பம் வைத்தே ஆக வேண்டும் என்று கதையின் கழுத்தைப் பிடித்தது. அவருக்கு அதிகாரத்தைக் கொடுத்த ஏற்பாடும் அதுவே, அவருடைய கதைகளை இழுவையாக்கிய ஏற்பாடும் அதுவே.

இருந்தாலும் அந்த நீளத்துக்குள் அவர் நடிப்பைக் கைவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. 'வாணி ராணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் 2018 வரை, ஆயிரத்து எழுநூறு எபிசோடுகளுக்கு மேல். வாணி வக்கீல், ராணி படிக்காத குடும்பப் பெண். இரட்டையர். சினிமாவில் இரட்டை வேடம் என்றால் மீசை, விக், மூக்குக் கண்ணாடி என்று அடையாளம் வைத்துவிடுவார்கள். இங்கேயும் புடவையும் கொண்டையும் வேறு வேறுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார் என்று தெரியும். வாணி வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்துவாள். ராணி வாக்கியத்தின் பாதியில் மூச்சு எடுத்துக்கொள்வாள், கடைசிச் சொல்லை இழுப்பாள். 'முதல் மரியாதை' குயிலுக்குக் குரல் கொடுத்த அந்தப் பயிற்சி, முப்பது வருடம் கழித்து இங்கே வேலை செய்கிறது. ஐந்தாறு வருடம், வாரத்துக்கு ஐந்தாறு நாள், இரண்டு பெண்களையும் ஒன்றோடொன்று குழப்பாமல் காப்பாற்றுவது சின்ன விஷயம் இல்லை. எந்த விருதுக் குழு அதைப் பார்க்க உட்கார்ந்திருக்கும்?

இன்னொரு உண்மையையும் 'போயிட்டாங்க' என்பவர்கள் கவனிப்பதில்லை. அந்த 'வாணி ராணி' ஓடிய அதே வருடங்களில்தான் 'பூஜை', 'நானும் ரௌடிதான்', 'தங்கமகன்', 'தெறி', 'தர்மதுரை' எல்லாம் வந்தன. 'நானும் ரௌடிதா'னில் போலீஸ்காரத் தாயாக அவர் செய்த நகைச்சுவை, அப்போது இருபது வயதில் இருந்தவர்களுக்கு அவரைப் புதிதாக அறிமுகப்படுத்தியது. சினிமாவுக்கு அவர் எப்போது தேவைப்பட்டாரோ அப்போது போனார். வாய்ப்புக் கேட்டுப் போகவில்லை, வாய்ப்புத் தேடி வந்தபோது தேதி பார்த்துக் கொடுத்தார். அவருக்கென்று ஒரு வீடு வேறு இடத்தில் இருந்தது, அதனால்தான் அம்மா வேடத்தைக்கூடத் தன் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அவர் போட்ட பாதையில் பின்னால் பலர் நடந்தார்கள். தேவயானிக்கு 2003இல் 'கோலங்கள்' தொடங்கி ஆறு வருடம் ஓடியது. ரம்யா கிருஷ்ணன் 'வம்சம்' சீரியலில் நடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் 'பாகுபலி'யின் சிவகாமியாக நின்றார். சிவகாமியைப் பார்த்து வாய்பிளந்த யாரும், இவர் சீரியலுக்குப் போனவர் ஆயிற்றே என்று அப்போது சொல்லவில்லை.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 2019 கடைசியில் கலர்ஸ் தமிழில் 'கோடீஸ்வரி' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. போட்டியாளர்கள் எல்லோரும் பெண்கள். நடத்தியவர் ராதிகா. அதில் 1 கோடி ரூபாய் வென்றவர், பேசவும் கேட்கவும் இயலாத ஒரு பெண். அந்த எபிசோடைப் பார்த்தபோது எனக்கு 'கேளடி கண்மணி'யில் கைகளால் பேசிய அந்த மகள் ஞாபகத்துக்கு வந்தாள். 1990இல் அது நடிப்பு. முப்பது வருடம் கழித்து எதிரில் உட்கார்ந்திருந்தது நிஜமான போட்டியாளர், கேள்வி நிஜம், பணமும் நிஜம். அந்தப் பெண்ணை அவசரப்படுத்தாமல், பரிதாபத்தைப் பூசாமல், மற்ற போட்டியாளர்களிடம் காட்டிய அதே எதிர்பார்ப்போடு ராதிகா நடத்தினார். நேரம் போகிறதே என்ற பதற்றம் அந்த முகத்தில் இல்லை. ஒரு மனுஷியின் முகத்தை இத்தனை நேரம் பார்த்துக்கொண்டு அமைதியாகக் காத்திருக்கும் பொறுமையை, தினம் தினம் குளோசப்பில் நின்ற இருபது வருடங்கள்தான் அவருக்குக் கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

தமிழ் நடிப்பின் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால், ராதிகா பகுதியில் 1978லிருந்து 1998 வரை எழுதிவிட்டு, "அதன் பின் சின்னத்திரையில் கவனம் செலுத்தினார்" என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடக் கூடாது. அந்த வரிக்குப் பின்னால்தான் அவருடைய சொந்த வேலை தொடங்குகிறது. படங்களைப் பற்றி எழுத ஐம்பது பேர் இருக்கிறார்கள். 'சித்தி'யின் முதல் நூறு எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்து, நடிப்பாகவும் தொழிலாகவும் அதை எடைபோட ஒருவராவது வேண்டும். அதைச் செய்பவர், அப்போது அதைப் பார்த்த பெண்களிடமும் போய்க் கேட்க வேண்டும். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். கேட்பதாக இருந்தால் சீக்கிரம் கேட்க வேண்டும்.